கணிதப் பொருளாதாரத்தைக் கையால் படிப்பது: கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு

பொருளாதாரம் படிக்க வருகிறவர்களில் பலர் பத்தாம் வகுப்போடு கணக்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவர்கள். பி.ஏ. மூன்று வருடத்தையும் வரைபடம் போட்டு, வளைகோட்டுக்குப் பெயர் எழுதி ஓட்டிவிட முடிகிறது. எம்.ஏ. சேர்ந்த முதல் மாதத்தில் போர்டு முழுக்க லாம்டாவும் (λ) அணிக்கோவையும் (டிடர்மினன்ட்) நிரம்பும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகமோ, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ, முதுகலைப் பொருளாதாரம் எங்கே படித்தாலும் கணிதத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யுஜிசி நெட்டின் பொருளாதாரப் பாடத்திட்டத்திலும் கணிதப் பொருளாதாரத்துக்கென்று தனி அலகே இருக்கிறது. சார்புகள், வகைநுண்கணிதம், அணிகள், உகந்த நிலை காணல், உள்ளீடு-வெளியீடு மாதிரி, நேரியல் திட்டமிடல், வேறுபாட்டுச் சமன்பாடுகள் எல்லாம் அதில் வருகின்றன.

இதைப் படிக்க ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கணக்கு தமிழில் ஒரு வாக்கியத்தில் தொடங்க வேண்டும், தமிழில் ஒரு வாக்கியத்தில் முடிய வேண்டும். குறியீடு நடுவில் வருவது. விடை 0.075 என்று வந்தால் கணக்கு பாதிதான் முடிந்திருக்கிறது. அந்த 0.075 யாருக்கு என்ன என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை மூட வேண்டும்.

ஓட்டை எங்கே என்று முதலில் பாருங்கள்

கால்குலேட்டரை எடுத்து வைத்துவிட்டு 15 நிமிடத்தில் இந்த ஐந்தையும் எழுதிப் பாருங்கள். 8-இன் அடுக்கு மூன்றில் இரண்டு எவ்வளவு? ஓர் எண்ணை மைனஸ் 3-ஆல் பெருக்கினால் 12-ஐ விடப் பெரிதாக வருகிறது என்றால் அந்த எண் எங்கே இருக்கும்? விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் பழைய விலை வருமா? ஐந்தில் இரண்டிலிருந்து ஏழில் மூன்றைக் கழித்தால் என்ன? 7 சதவீதக் கூட்டு வட்டியில் பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம் என்பதை லாகரிதமாக எழுத முடியுமா?

விடைகள்: 4; மைனஸ் 4-ஐ விடச் சிறியது; வராது, 100 ரூபாய் 96 ஆகிவிடும்; மைனஸ் முப்பத்தைந்தில் ஒன்று; 2-இன் லாகரிதத்தை 1.07-இன் லாகரிதத்தால் வகுக்க வேண்டும், ஏறக்குறைய பத்தேகால் வருடம்.

இரண்டு தவறினால் வகைநுண்கணிதத்தைத் தொடாதீர்கள். ஒன்பது, பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் இரண்டு வாரம் உட்காருங்கள். உழைப்பையும் மூலதனத்தையும் அடுக்கு போட்டுப் பெருக்கும் காப்-டக்ளஸ் உற்பத்திச் சார்பில் அடுக்கெல்லாம் பின்னம்தான். வகையிடும் ஒவ்வொரு முறையும் அடுக்கில் 1 குறையும். மூன்றில் ஒன்றிலிருந்து 1 போனால் மைனஸ் மூன்றில் இரண்டு என்று கை தானாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் பொருளாதாரம் புரிந்திருந்தும் கணக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகும். தாளில் மார்க் போவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன இடங்களில்தான்.

பள்ளிப் புத்தகத்துக்குத் திரும்புவதில் வெட்கம் வேண்டாம்

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் புத்தகங்கள் இந்தப் பாடத்துக்கு நல்ல அஸ்திவாரம். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பதினொன்றில் அணிகளும் அணிக்கோவைகளும், அதோடு உள்ளீடு-வெளியீட்டுப் பகுப்பாய்வு; வகைநுண்கணிதம், அதன் பயன்பாடுகளில் இறுதிநிலைச் செலவு, தேவை நெகிழ்ச்சி, பகுதி வகையிடல். பன்னிரண்டில் தொகைநுண்கணிதம், அதில் நுகர்வோர் உபரி. பிறகு வகைக்கெழுச் சமன்பாடுகள். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இந்தப் பாடங்களை ஆறு வாரத்தில் முடிக்கலாம். படித்து முடிப்பது என்றால் பயிற்சிக் கணக்கு ஒவ்வொன்றையும் போட்டு முடிப்பது. வடிவியல், முக்கோணவியல் பாடங்களை இப்போதைக்குத் தாண்டிவிடலாம்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் அதே புத்தகத்தின் ஆங்கில வழிப் பதிப்பையும் இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உதாரணக் கணக்கு இரண்டிலும் ஒன்றே. அதனால் இதைவிட நல்ல கலைச்சொல் அகராதி கிடையாது. ஒரு 100 பக்க நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: வகுப்பில் காதில் விழும் சொல், தமிழ்ச்சொல், அது என்ன சொல்கிறது என்று ஒரு வரி. மார்ஜினல் காஸ்ட், இறுதிநிலைச் செலவு, இன்னும் ஒரு யூனிட் செய்தால் மொத்தச் செலவில் ஏறும் தொகை. மூன்றாவது பத்தியைப் புத்தகத்திலிருந்து பார்த்து எழுதக் கூடாது, சொந்த வாக்கியம்தான் வேண்டும்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. பள்ளிக் கணக்கில் வளைவை மேற்புறமாகக் குழிவது, கீழ்ப்புறமாகக் குழிவது என்று பிரிப்பார்கள். பொருளாதாரப் புத்தகத்தில் வெறுமனே கான்கேவ், கான்வெக்ஸ் என்றுதான் இருக்கும். கான்கேவ் என்றால் கவிழ்த்த கிண்ணம், உச்சி மேலே இருக்கும். கான்வெக்ஸ் என்றால் நிமிர்த்திய கிண்ணம். அதாவது பள்ளியில் மேற்புறமாகக் குழிவது என்று படித்ததுதான் இங்கே கான்வெக்ஸ். போதாக்குறைக்கு, சமநோக்கு வளைகோடு (ஒரே பயன்பாடு தரும் புள்ளிகளை இணைக்கும் கோடு) ஆதியை நோக்கிக் கான்வெக்ஸ் என்பார்கள், அதைத் தரும் பயன்பாட்டுச் சார்பைக் குவாசி-கான்கேவ் என்பார்கள். ஒன்று கோட்டைப் பற்றியது, மற்றது மலையைப் பற்றியது. மலையும் மலையின் மீது வரைந்த சம உயரக் கோடும் வேறு வேறு என்று படம் போட்டு நோட்டின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.

பல்கலைக்கழக அளவில் ஆல்ஃபா சியாங் எழுதிய பாடநூல் 1967 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு படியையும் விடாமல் காட்டுவதால் தனியாக உட்கார்ந்து படிப்பவர்களுக்கு இன்றும் அதுவே தோது. ஒரே தலைப்புக்கு மூன்று புத்தகம் புரட்டாதீர்கள். குறியீடு மாறும், தலை சுற்றும்.

ஒரு பக்கத்தை எப்படி எழுதுவது

தாளை நெடுக்கில் மடியுங்கள். இடப்பக்கம் கணக்கு வரி, வலப்பக்கம் அந்த வரி ஏன் வந்தது என்று தமிழில் நாலு சொல்: "லாம்டாவை ஒழிக்க வகுக்கிறேன்", "பட்ஜெட்டில் பிரதியிடுகிறேன்". வலப்பக்கம் காலியாக விழும் வரிதான் உங்களுக்குப் புரியாத வரி. மாறிகளுக்கு எக்ஸ், ஒய் என்று பெயர் வைக்கும் முன் மீன், காய், கூலி, கடன் என்று முழுப்பெயரிலேயே ஒரு முறை எழுதிப் பாருங்கள். கீழே எல்லாம் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

வரி யார் தலையில் விழுகிறது

ஒப்பீட்டு நிலையியல், அதாவது கம்பேரட்டிவ் ஸ்டாடிக்ஸ், ஒன்று மாறினால் சமநிலை எப்படி நகர்கிறது என்று பார்க்கும் முறை. இதில் தொடங்குவது நல்லது. கடலூரிலிருந்து முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் பெட்ரோல் விலை குறைவது இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்ரோலுக்கு விலை வைப்பது எண்ணெய் நிறுவனங்கள், ஆகையால் போட்டிச் சந்தையில் விற்கும் வேறொரு சரக்கை நினைத்துக்கொள்வோம். அதன் மீது ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டால் வாங்குபவர் எவ்வளவு சுமப்பார்?

தொடக்க வாக்கியம்: வாங்குபவர் முழு விலை தருகிறார், விற்பவர் கையில் வரி போக மிச்சம் நிற்கிறது, இரு பக்க அளவும் சமம். இதைச் சமன்பாடாக்கினால், தேவை(விலை) = அளிப்பு(விலை − வரி). இரு பக்கமும் முழு வகையீடு எடுங்கள். தேவைச் சாய்வு × விலை மாற்றம் = அளிப்புச் சாய்வு × (விலை மாற்றம் − வரி மாற்றம்). விலை மாற்றத்தை ஒரு பக்கம் திரட்டினால், விலை மாற்றம் ÷ வரி மாற்றம் = அளிப்புச் சாய்வு ÷ (அளிப்புச் சாய்வு − தேவைச் சாய்வு).

தேவைச் சாய்வு மைனஸ் 2, அளிப்புச் சாய்வு 6 என்றால் 6-ஐ 8-ஆல் வகுத்து 0.75. நாலு ரூபாய் வரியில் வாங்குபவர் தலையில் மூன்று, விற்பவர் தலையில் ஒன்று. கடை எல்லையோரத்தில் இருந்தால் வரி ஏறியதும் ஆட்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். தேவைச் சாய்வு மைனஸ் 18 என்று வைத்தால் 6-ஐ 24-ஆல் வகுத்து 0.25. இப்போது விற்பவர் மூன்று ரூபாயை விழுங்க வேண்டியிருக்கிறது. முடிவு வாக்கியம்: தப்பிக்க வழி உள்ளவர் வரியில் குறைவாகச் சுமப்பார்.

இங்கே தவறுவது பெரும்பாலும் குறியில். தேவைச் சாய்வு எதிர்மம் என்பதை மறந்து கீழே 6-லிருந்து 2-ஐக் கழித்தால் 1.5 வரும், அதாவது நாலு ரூபாய் வரிக்கு விலை ஆறு ரூபாய் ஏறும் என்று அர்த்தம். விடையை வாக்கியமாகச் சொல்லிப் பார்ப்பவருக்கு இது உடனே உறுத்தும். எண்ணோடு நிறுத்துபவர் அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்.

லாம்டா: இந்தத் தாளின் நடு முதுகெலும்பு

இதில் அவசரப்படக் கூடாது. ஒரே ஒரு கணக்கை நாலு கோணத்தில் பார்க்க ஒரு வாரம் செலவழித்தாலும் தகும்.

ஒரு வீட்டில் மீனுக்கும் காய்கறிக்குமாகச் சேர்த்து 1200 ரூபாய். மீன் கிலோ 200, காய் கிலோ 40. பயன்பாடு = மீன் × காய். பயன்பாட்டையும் பட்ஜெட் கட்டுப்பாட்டையும் லாம்டா என்ற பெருக்கியால் சேர்க்கும் லக்ராஞ்சு சார்பை இப்படி எழுதுங்கள்: மீன் × காய் + லாம்டா × (1200 − 200 மீன் − 40 காய்). வருமானம் முன்னால், செலவு பின்னால். மாற்றி எழுதினாலும் கிலோக் கணக்கு அதேதான் வரும், லாம்டா மட்டும் எதிர்மமாகி அதன் பொருள் தலைகீழாகிவிடும்.

மீனைப் பொறுத்து வகையிட்டால் காய் = 200 லாம்டா. காயைப் பொறுத்து வகையிட்டால் மீன் = 40 லாம்டா. ஒன்றை மற்றதால் வகுத்து லாம்டாவை ஒழித்துவிடுங்கள்; காய் = 5 மீன். பட்ஜெட்டில் வைத்தால் மீன் 3 கிலோ, காய் 15 கிலோ. பயன்பாடு 45, லாம்டா 0.075.

முதல் கோணம், லாம்டாவின் பொருள். வருமானத்தை 1201 ஆக்கி முழுக் கணக்கையும் மறுபடி போடுங்கள். பயன்பாடு 45.075 வரும். இந்த வீட்டுக்கு இன்னும் ஒரு ரூபாய் கிடைத்தால் பயன்பாடு 0.075 அலகு ஏறும் என்பதுதான் முடிவு வாக்கியம். இனி பயன்பாட்டுக்கு லாகரிதம் எடுத்துவிட்டு அதே கணக்கைப் போடுங்கள். மீன் 3, காய் 15 அசையாது. லாம்டா மட்டும் அறுநூறில் ஒன்றாகிவிடும். பயன்பாட்டின் எண்ணுக்கு வரிசைதான் முக்கியம், அளவு முக்கியமில்லை என்று நுண்ணியல் பொருளாதாரத்தில் மனப்பாடம் செய்தது இப்போது உங்கள் கையாலேயே நிரூபணமாகியிருக்கும்.

இரண்டாவது, இது உண்மையிலேயே பெருமமா, அதாவது உச்சமா? இங்கேதான் வழுக்கல் அதிகம். இரண்டாம் வகைக்கெழுக்களை அடுக்கிய சாதாரண ஹெஸ்ஸியன் அணிக்கோவையைப் போட்டால் மைனஸ் 1 வரும். சேணப்புள்ளி (ஒரு திசையில் உச்சி, மறு திசையில் பள்ளம்), பெருமம் இல்லை என்று எழுதிவிட்டால் மார்க் போச்சு. நாம் மலை முழுக்கத் திரியவில்லை. பட்ஜெட் கோட்டின் மீது மட்டும்தான் நடக்கிறோம். அதனால் விலைகளை ஓரத்தில் சேர்த்த ஹெஸ்ஸியன் வேண்டும். முதல் வரி 0, 200, 40. இரண்டாம் வரி 200, 0, 1. மூன்றாம் வரி 40, 1, 0. மதிப்பு 16,000, நேர்மம். இரண்டு பொருள், ஒரு கட்டுப்பாடு என்றால் நேர்மம் வந்தால் பெருமம். பொருள் மூன்றானால் 3-க்கு 3 அணிக்கோவை நேர்மமாகவும் 4-க்கு 4 அணிக்கோவை எதிர்மமாகவும் இருக்க வேண்டும். மனதில் நிற்காவிட்டால் பிரதியிட்டுப் பாருங்கள். காய் = 30 − 5 மீன்; பயன்பாடு = 30 மீன் − 5 மீன் வர்க்கம்; இரண்டாம் வகைக்கெழு மைனஸ் 10. கவிழ்த்த கிண்ணம்.

மூன்றாவது, விலை மாறினால்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். மீன் கிலோ 400 ஆகிறது என்று வைத்தால் மீன் ஒன்றரைக் கிலோ, காய் அதே 15 கிலோ. காய் ஏன் அசையவில்லை என்று நீங்களே கேட்க வேண்டும். பழைய 45 அலகுப் பயன்பாட்டிலேயே அந்த வீட்டை வைத்திருக்கப் புது விலையில் 1697 ரூபாய் ஆகும். அந்தப் பணத்தில் அவர்கள் 21.2 கிலோ காய் வாங்குவார்கள். பதிலீட்டு விளைவு காயை 15-லிருந்து 21.2-க்கு ஏற்றுகிறது. ஆனால் கையில் 1200-தான் இருக்கிறது. வருமான விளைவு அதை மறுபடி 15-க்கு இறக்குகிறது. ஸ்லட்ஸ்கி என்ற பொருளாதார அறிஞர் 1915-இல் பிரித்துக் காட்டிய இரண்டு விளைவுகளும் இந்தச் சார்பில் காயைப் பொறுத்தவரை ஒன்றையொன்று அப்படியே சரிக்கட்டிவிடுகின்றன.

நாலாவது, இந்தச் சார்பே சரியா? தடைக்காலத்தில் நிஜ வீடுகளில் காய், முட்டை, கருவாடு பக்கம் சாய்வார்கள். கணக்கில் பிழை இல்லை, நாம் எடுத்துக்கொண்ட சார்புக்கு அப்படிச் சாயத் தெரியாது. மாதிரியின் குணம் எது, உலகத்தின் குணம் எது என்று பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் எம்.ஏ.வுக்கும் பள்ளிக் கணக்குக்கும் உள்ள தூரம்.

கட்டுப்பாடு சமமாக இல்லாமல், இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று வந்தால் கூன்-டக்கர் நிபந்தனைகள் (1951; கருஷ் 1939-லேயே கண்டது). படகின் லாபம் = 10 ஐஸ் − ஐஸ் வர்க்கம் என்று வைப்போம். படகில் 8 டன் ஐஸ் ஏற்ற இடம் இருந்தால் 5 டன்னிலேயே லாபம் உச்சம். மிச்ச இடத்துக்கு மதிப்பில்லை, லாம்டா 0. இடம் 3 டன்தான் என்றால் மூன்றும் நிரம்பும், லாம்டா 4. இடம் மிச்சம் என்றால் அதன் விலை பூஜ்யம், விலை இருந்தால் இடம் மிச்சமில்லை. இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் பிறகு வரும் நேரியல் திட்டமிடலின் இருமை (டூயாலிட்டி) பாதி முடிந்த மாதிரி.

நெய்வேலியை வைத்து உள்ளீடு-வெளியீடு

ஒரு தொழில் மற்றதிலிருந்து எவ்வளவு வாங்குகிறது என்று அணியில் போட்டுப் பார்ப்பது உள்ளீடு-வெளியீடு. பொருளாதார அறிஞர் லியோன்டிஃப் இந்த முறைக்காக 1973-இல் நோபல் பரிசு பெற்றார். நம் மாவட்டத்திலேயே இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இல்லாமல் அனல் மின்சாரம் இல்லை. அந்தச் சுரங்கத்தில் மண்ணை வாரும் ராட்சத எந்திரங்களோ மின்சாரத்தில் ஓடுகின்றன. ஒன்று மற்றதைத் தின்றுதான் உருவாகிறது.

ஒரு ரூபாய் மின்சாரத்துக்கு 40 பைசா நிலக்கரியும் 10 பைசா மின்சாரமும் வேண்டும். ஒரு ரூபாய் நிலக்கரிக்கு 20 பைசா மின்சாரம். அணியில் வரிசை கொடுப்பவர், நிரல் வாங்குபவர். முதல் வரிசை நிலக்கரி: 0, 0.4. இரண்டாம் வரிசை மின்சாரம்: 0.2, 0.1. வெளியே 82 கோடிக்கு மின்சாரம் தேவை, நிலக்கரி தேவையில்லை என்று வைப்போம். மொத்தம் எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும்?

அலகு அணியிலிருந்து இதைக் கழித்தால் முதல் வரிசை 1, −0.4, இரண்டாம் வரிசை −0.2, 0.9. அணிக்கோவை 0.9 − 0.08 = 0.82. நேர்மாறு அணியின் முதல் வரிசை 0.9, 0.4, இரண்டாம் வரிசை 0.2, 1, எல்லாவற்றையும் 0.82-ஆல் வகுக்க வேண்டும். விடை: நிலக்கரி 40 கோடி, மின்சாரம் 100 கோடி. சரிபாருங்கள்: 100 கோடி மின்சாரத்தில் மின்நிலையமே 10 தின்கிறது, சுரங்கம் 8, வெளியே 82. நிலக்கரி 100-இன் 0.4 பங்கு, 40. பொருந்துகிறது.

அடிக்கடி நடக்கும் கோளாறு, வரிசையையும் நிரலையும் மாற்றி எழுதுவது. மாற்றினாலும் அணிக்கோவை அதே 0.82, மின்சாரமும் அதே 100. நிலக்கரி மட்டும் 20 என்று வரும். விடை பார்க்கச் சாதுவாக இருப்பதால் கண்ணில் படாது. 100 கோடி மின்சாரத்துக்கு 40 கோடி நிலக்கரி வேண்டுமே, 20 எப்படிப் போதும் என்று திருப்பிக் கேட்டால்தான் பிடிபடும். அதனால் இந்தக் கணக்கில் சரிபார்க்கும் வரியை விடைத்தாளிலேயே எழுதிவிடுங்கள். ஹாக்கின்ஸ்-சைமன் நிபந்தனையையும் (1949) சேர்த்து எழுத வேண்டும்: மூலைவிட்டத்தில் உள்ள 1, 0.9 நேர்மம், அணிக்கோவை 0.82 நேர்மம். இதன் வாக்கியம்: எந்தப் பொருளும் தன்னை உருவாக்கத் தன்னையே முழுசாகத் தின்றுவிடுவதில்லை, நேராகவும் இல்லை, சுற்றி வளைத்தும் இல்லை.

நேர்மாறு அணி மந்திரம் மாதிரித் தெரிந்தால் சுற்றுச் சுற்றாகப் போட்டுப் பாருங்கள். 82 மின்சாரத்துக்கு நேரடியாக 32.8 நிலக்கரியும் 8.2 மின்சாரமும். அவற்றைச் செய்ய மறுபடி 3.28 நிலக்கரி, 7.38 மின்சாரம். இன்னொரு சுற்று 2.952, 1.394. மூன்று சுற்றைக் கூட்டினாலே நிலக்கரி 39.03, மின்சாரம் 98.97. மிச்சம் அடுத்தடுத்த சுற்றுகளில் வந்து சேரும். கையால் மூன்று சுற்று போட்ட பிறகு எக்செல்லில் நேர்மாறு எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

காலம் நுழையும் இடம்

மல்லாட்டை (வேர்க்கடலை) போடும் விவசாயி போன பட்டத்து விலையைப் பார்த்து இந்தப் பட்டத்துக்கு நிலம் ஒதுக்குகிறார். விளைந்து சந்தைக்கு வந்தபின் விலை சந்தையில் அமைகிறது. தேவை = 120 − 2 × இந்தப் பட்டத்து விலை; அளிப்பு = 30 + போன பட்டத்து விலை. இரண்டையும் சமன்செய்தால், விலை = 45 − 0.5 × போன விலை. சமநிலை 30. விலை 50-இல் தொடங்கினால் 20, 35, 27.5, 31.25 என்று ஆடி ஆடி அடங்கும். அளிப்பை −30 + 3 × போன விலை என்று மாற்றுங்கள். சமநிலை அதே 30, ஆனால் 32-இல் தொடங்கினாலே 27, 34.5, 23.25, 40.125 என்று ஆட்டம் பெருத்துக்கொண்டே போகும். அளிப்புச் சாய்வை தேவைச் சாய்வால் வகுத்தால், குறியை விட்டுவிட்டு, 1-க்குக் கீழே இருந்தால் அடங்கும். மேலே போனால் அடங்காது.

இதை வரைபடத்தில் பார்க்கும்போது குழப்பம் வரும். நாம் விலையை நெடுக்கில் போடுகிறோம், சமன்பாட்டிலோ விலைதான் காரணி. சமன்பாட்டில் சாய்வு 3 உள்ள அளிப்பு, படத்தில் சாய்வு மூன்றில் ஒன்றாக, தட்டையாகத் தெரியும். சமன்பாட்டுச் சாய்வா, படச் சாய்வா என்று முதலிலேயே எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

வகைக்கெழுச் சமன்பாடுகளில் தனிப்பட எழுத அதிகம் இல்லை. மேலே மல்லாட்டைக்குப் போட்ட மாதிரியான வேறுபாட்டுச் சமன்பாட்டில் கை பழகினவருக்கு அதே யோசனை தொடர்ச்சியான காலத்தில் வருகிறது, அவ்வளவுதான். அங்கே 1-ஐ விடச் சிறியதா என்று கேட்டோம், இங்கே பூஜ்யத்தை விடச் சிறியதா என்று கேட்கிறோம்.

நேரம், பஸ், தேர்வு

16 வாரம் கிடைத்தால் இப்படிப் பிரிக்கலாம்: ஒரு மாறி வகையிடல் 2 வாரம், பல மாறியும் ஒப்பீட்டு நிலையியலும் 3, அணிகளும் உள்ளீடு-வெளியீடும் 3, லக்ராஞ்சும் கூன்-டக்கரும் 4, காலம் நுழையும் இயங்குநிலைக் கணக்குகள் 3, கடைசி ஒரு வாரம் பழைய வினாத்தாள். தினம் ஒன்றரை மணி நேரம் போதும், ஆனால் தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக எட்டு மணி நேரம் உட்காருவது இந்தப் பாடத்துக்கு ஒட்டாது, கை மறந்துவிடும்.

கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கே மாறி ஈசிஆர் வழியாகக் காலாப்பட்டு போகிறவர்களுக்குப் பஸ்ஸில் கணக்குப் போட முடியாது. அந்த நேரத்தைச் சொல்லுக்கு ஒதுக்குங்கள். சிறு அட்டையில் ஒரு பக்கம் நிபந்தனை, மறு பக்கம் அதன் தமிழ் வாக்கியம். ஒரு நாளைக்கு ஐந்து அட்டை.

தேர்வில் வரிசை இது: எது மாறி, எது நிலையானது என்று ஒரு வரி, முதல்நிலை நிபந்தனை (வகைக்கெழு பூஜ்யம்), தீர்வு, இரண்டாம்நிலை நிபந்தனை (பெருமமா என்ற சோதனை), பொருள் சொல்லும் வாக்கியம். நேரம் போதாவிட்டால் பெருக்கலை விட்டுவிட்டு நிபந்தனைகளை எழுதுங்கள். எண்ணில் சறுக்கினாலும் முறை தெளிவாக இருந்தால் திருத்துபவருக்கு மார்க் போட வழி இருக்கும்.

வீட்டில் ஒரு கணக்கு நகர மறுத்தால் 40 நிமிடம் முட்டிப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். விடைப் பகுதியைத் திறந்து முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு வரியே போதும். அப்படியும் நகராவிட்டால் முழுத் தீர்வையும் படித்துவிட்டு, பார்த்து எழுதாமல் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். மறுநாள் காலையில் வெற்றுத்தாளில் மடிப்பு போட்டு, இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு, அதே கணக்கை முதல் வாக்கியத்திலிருந்து தொடங்குங்கள்.